அப்பாவின் கைக்குத் தகுந்த மாதிரி விண்டோஸ் 11-ஐ மாற்றுவது எப்படி?

கரிசல்காட்டான் · சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர். எங்கள் ஊர் அய்யனார் கோவில் வரலாற்றை எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன மாதம் அதற்காகவே ஒரு டெஸ்க்டாப் வாங்கினோம். 22 அங்குலத் திரை, விண்டோஸ் 11. அவர் இதற்கு முன் பழகியது விண்டோஸ் 7.

வாங்கிய பத்தாம் நாளே கம்ப்யூட்டர் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோதுதான் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டைப் பார்த்தேன். தேதி போட்டு ஒவ்வொரு தொல்லையாக எழுதி வைத்திருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"எழுத்து புகை மூட்டமாகத் தெரிகிறது. ர-வா காலா என்று புரியவில்லை."
"ஸ்டார்ட் பட்டன் ஒரே இடத்தில் நிற்பதில்லை."
"யோசித்துக்கொண்டிருக்கும்போது தானாக ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்கிறது."
"தமிழ் அடிக்கும்போதே இங்கிலீஷாகிவிடுகிறது."
"அம்பு காணாமல் போகிறது."
"க அடித்தால் ககககக என்று ஓடுகிறது."

இதையெல்லாம் சரிசெய்ய முடியுமா? புதிதாகப் பணம் செலவழிக்காமல், அவரே புரிந்துகொள்ளும்படி எளிய வழியாக இருந்தால் நல்லது.

பூட்டுச்சாவி · சனி, இரவு 10:15

நண்பரே, 15 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். எந்த வாடிக்கையாளரும் தன் தொல்லையை இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்ததில்லை. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், நமக்கு அதுதான் வேலைப் பட்டியல்.

முதலில் புகை மூட்டம். டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறந்து, ரெசல்யூஷன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். 22 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1920 × 1080 இருக்க வேண்டும். பக்கத்திலேயே 'ரெக்கமண்டட்' என்று போட்டிருக்கும்.

கரிசல்காட்டான் · ஞாயிறு, காலை 7:05

பார்த்தேன். 1280 × 720 இருக்கிறது. வாங்கிய இடத்தில், பெரியவர் பார்ப்பதற்கு எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று அங்கிருந்த பையன் மாற்றிக் கொடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பூட்டுச்சாவி · ஞாயிறு, காலை 8:30

அதேதான். அந்தப் பையன் நல்ல எண்ணத்தில் செய்திருப்பார், ஆனால் வழி தப்பு. இந்தத் திரைகளில் புள்ளிகளின் எண்ணிக்கை தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். குறுக்கே 1920, நெடுக்கே 1080. நீங்கள் 1280 என்று குறைத்தால் திரையில் உள்ள புள்ளி குறையாது. ஒரு புள்ளிக்கான படத்தை ஒன்றரைப் புள்ளியில் பரப்பிக் காட்ட வேண்டிய கட்டாயம் வரும். அந்த அரைப் புள்ளிதான் உங்கள் அப்பா பார்க்கும் புகை. ஆங்கில எழுத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம், தமிழில் உடனே தடுக்கும்.

ரெசல்யூஷனை மறுபடி 1920 × 1080-க்குக் கொண்டு போங்கள். எல்லாம் பொடிப்பொடியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அதே பக்கத்தில் 'ஸ்கேல்' இருக்கிறது. அதை 125 அல்லது 150 சதவீதமாக வையுங்கள். எழுத்து, பட்டன், படம் எல்லாமே பெரிதாகும், கூர்மை குறையாது.

அதற்கு மேலும் எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமென்றால் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் 'டெக்ஸ்ட் சைஸ்' இருக்கிறது. 100-லிருந்து 225 சதவீதம் வரை நகர்த்தலாம். என் அனுபவத்தில் ஸ்கேல் 125, டெக்ஸ்ட் சைஸ் 120 என்று இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றுவதுதான் நல்லது. ஒன்றையே அளவுக்கு மீறி ஏற்றினால் சில பழைய மென்பொருள்களில் பட்டனுக்குள் எழுத்து அடங்காமல் வெட்டுப்படும்.

கடைசியாக, ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' என்று தேடுங்கள். சில மாதிரி எழுத்துகளைக் காட்டி எது தெளிவாக இருக்கிறது என்று கேட்கும். அப்பாவையே உட்கார வைத்து, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் கண்ணுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

தாமிரபரணி · ஞாயிறு, காலை 9:10

ஸ்டார்ட் பட்டன் நகர்வதற்கு: டாஸ்க்பாரில் வலது கிளிக், 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்', கீழே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்'. அதில் 'அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்குங்கள். நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு மென்பொருளைத் திறக்கும்போதும் வரிசை நீண்டு, ஸ்டார்ட் பட்டன் இடது பக்கம் நகர்ந்துகொண்டே போகும். ஓரத்தில் வைத்தால் அங்கேயே நிற்கும். அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரியான கவனிப்பு.

அதே பக்கத்தில் மேலே விட்ஜெட்ஸ், டாஸ்க் வியூ இரண்டையும் அணைத்துவிடுங்கள். தெரியாமல் கை பட்டுத் திறந்துகொள்ளும்.

வாசகன்72 · ஞாயிறு, மதியம் 12:20

தம்பி, என் பெயரில் இருக்கும் எண்தான் என் வயது. உங்கள் அப்பாவின் நோட்டைப் படித்தபோது எனக்கு என் கையைப் பார்ப்பது போல இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ககககக என்று ஓடுவதற்குக் காரணம் அவருடைய தட்டச்சுப் பயிற்சி. தட்டச்சுப் பொறியில் விசையை அழுத்தமாக அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் எழுத்து விழாது. விரல் அதற்குப் பழகிவிட்டது. பொறியில் ஓர் அடிக்கு ஓர் எழுத்துதான், எவ்வளவு நேரம் அழுத்தியிருந்தாலும் சரி. கம்ப்யூட்டரில் விரலை எடுக்கச் சிறிது தாமதித்தாலும் அதே எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும். இதற்கு ஒரு சின்ன மாற்றம் போதும். கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஐகான்களாகக் காட்டச் சொல்லி, 'கீபோர்டு' என்பதற்குள் போங்கள். 'ரிபீட் டிலே' என்று ஒரு நகர்த்தி இருக்கும். அதை 'லாங்' பக்கம் முழுவதும் தள்ளுங்கள். கீழே உள்ள 'ரிபீட் ரேட்' என்பதையும் மெதுவான பக்கம் கொண்டு வாருங்கள். அங்கேயே ஒரு காலிப் பெட்டி இருக்கிறது, அதில் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் இதை மாற்றிய நாளிலிருந்து அழிக்கும் விசையைத் தேடிப் போவது பாதியாகக் குறைந்துவிட்டது.

தானாக வரும் பெட்டிக்கு 'ஸ்டிக்கி கீஸ்' என்று பெயர். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் வரும். உங்கள் அப்பா அடுத்த சொல்லை யோசிக்கும்போது சுண்டுவிரலால் ஷிஃப்ட்டைத் தட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். ஆக்சஸிபிலிட்டியில் 'கீபோர்டு' பகுதிக்குப் போய், ஸ்டிக்கி கீஸுக்கான ஷார்ட்கட்டை மட்டும் அணைத்துவிடுங்கள்.

அங்கேயே 'டாகிள் கீஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். கேப்ஸ் லாக் தவறிப் பட்டால் ஓர் ஒலி கேட்கும். திரையைப் பார்க்காமல் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

காணாமல் போகும் அம்புக்கு இரண்டு வழி. ஆக்சஸிபிலிட்டியில் 'மவுஸ் பாயின்டர்' பகுதியில் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். என்னுடையது மஞ்சள், அளவு 4. இன்னொன்று, மவுஸ் செட்டிங்ஸில் 'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்' திறந்தால் 'பாயின்டர் ஆப்ஷன்ஸ்' என்ற தாவல் இருக்கும். அதன் அடியில், கண்ட்ரோல் விசையை அழுத்தினால் அம்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. டிக் போட்டுவிட்டால் போதும், அழுத்தியதும் வட்டம் வட்டமாகச் சுருங்கி அம்பில் வந்து நிற்கும். அதே பெட்டியின் முதல் தாவலில் இரட்டைக் கிளிக்கின் வேகத்தையும் குறைத்து வையுங்கள். எங்கள் வயதில் இரண்டு கிளிக்குக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விழும்.

கரிசல்காட்டான் · ஞாயிறு, மதியம் 2:45

ஐயா, மிக்க நன்றி. அப்பா யோசிக்கும்போது ஷிஃப்ட்டைத் தட்டுகிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, மேசையிலும் அப்படித்தானே தட்டுவார்" என்றார்.

நல்லூர்க்காற்று · ஞாயிறு, மாலை 4:10

தமிழ் இங்கிலிஷாக மாறுவது பற்றி ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முதல் ஒரு கேள்வி: எந்த விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்?

கரிசல்காட்டான் · ஞாயிறு, மாலை 4:35

விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99. எனக்கு அதுதான் பழக்கம், அதனால் அதையே போட்டேன்.

நல்லூர்க்காற்று · ஞாயிறு, மாலை 5:20

இங்கேதான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்99 நல்ல விசைப்பலகை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு அங்கீகரித்தது. உயிர் இடது கையில், மெய் வலது கையில் என்று ஒழுங்காக அமைந்தது. புதிதாகப் பழகும் எவருக்கும் அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் உங்கள் அப்பா புதிதாகப் பழகுபவர் அல்லர். தட்டச்சு ஹையர் தேறியவரின் விரலில் பழைய தட்டச்சுப் பலகை ஏற்கெனவே இருக்கிறது.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுதியவர். ஓய்வுக்குப் பிறகு நான் வேறு பலகையைப் பழகச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தேன். மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டுக் கையால் எழுதத் தொடங்கிவிட்டார். பிறகு பாமினி முறையிலேயே அடித்தாலும் யூனிகோடு எழுத்து, அதாவது இப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து, வரும்படி செய்து கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு நாளும் எழுதுகிறார்.

இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று தமிழ் எழுதும் மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டிலும் பழைய தட்டச்சு முறையும் உண்டு, பாமினியும் உண்டு. இரண்டும் இலவசம். தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு அதன் பிறகு சேமிக்கப்படும். அந்த இட மாற்றத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அப்பா பழைய வழக்கப்படியே அடிக்கலாம்.

தாமிரபரணி · ஞாயிறு, மாலை 6:00

கொஞ்சம் மாறுபடுகிறேன். என் மாமா 65 வயதில் தமிழ்99 பழகினார். இரண்டு வாரத்தில் கை வந்துவிட்டது. விண்டோஸிலேயே இருப்பதைப் பயன்படுத்தினால் வேறு மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டாம், நாளைக்கு வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதே பலகை கிடைக்கும். முதலிலேயே விட்டுக்கொடுக்க வேண்டுமா?

நல்லூர்க்காற்று · ஞாயிறு, மாலை 6:25

உங்கள் மாமா அதற்கு முதல் தட்டச்சு பழகியவரா?

தாமிரபரணி · ஞாயிறு, மாலை 6:40

இல்லை, அதுதான் முதல் பலகை. சரி, நீங்கள் சொல்வது புரிகிறது. பழகியதை மறந்துவிட்டுப் பழகுவது வேறு வேலைதான்.

பூட்டுச்சாவி · ஞாயிறு, இரவு 8:00

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தமிழ், இங்கிலீஷ் என்று இரண்டு மொழிப் பலகை இருந்தால் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து பட்டால் விண்டோஸ் மொழியை மாற்றிவிடும். அப்பாவுக்கு நடப்பது அதுதான். தட்டச்சு முறைக்குத் தனி மென்பொருள் போட்டுவிட்டு, விண்டோஸின் தமிழ்ப் பலகையை நீக்கிவிட்டால் மாறுவதற்கு இன்னொரு பலகையே இருக்காது.

தமிழ்99-ஐயே வைத்துக்கொள்பவர்களுக்கு: செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'டைப்பிங்', அதில் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்'. அங்கே 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' திறந்து, மொழிகளுக்கு இடையே மாறும் விசையை 'நாட் அசைன்டு' ஆக்குங்கள். அப்புறம் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அடித்தால்தான் மாறும். அது தவறிப் படாது. அதே பக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனிப் பலகை வைக்கும் வசதிக்கும் ஒரு டிக் உண்டு. வேர்டில் தமிழ், பிரவுசரில் இங்கிலீஷ் என்று அதது அதனதன் இடத்தில் நிற்கும். என் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் முதலில் செய்யும் மாற்றம் இதுதான்.

மின்னல்கொடி · ஞாயிறு, இரவு 9:15

இவ்வளவு ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டுமா? தேவையில்லாததையெல்லாம் ஒரே கிளிக்கில் நீக்கும் ஸ்கிரிப்ட்கள் இணையத்தில் இருக்கின்றன. அதை ஓட்டினால் கம்ப்யூட்டரும் வேகமாகும்.

பூட்டுச்சாவி · ஞாயிறு, இரவு 9:50

தயவுசெய்து பெரியவர் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள். நல்ல ஸ்கிரிப்ட்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே என்ன செய்கிறது என்று படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. போன வருடம் ஒருவர் இப்படி ஓட்டிவிட்டுக் கொண்டு வந்தார். அப்டேட் நின்றுபோயிருந்தது, ஸ்டார்ட் மெனுவில் தேடல் வேலை செய்யவில்லை. எதை மாற்றினோம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். அவருடைய ஒரு நாள் பிழைப்பு போனது.

வேகம்தான் வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் கம்ப்யூட்டர் திறந்ததும் கூடவே எழுந்து ஓடுபவை எல்லாம் இருக்கும். எந்தெந்த மென்பொருள் தொடக்கத்தைத் தாமதப்படுத்துகிறது என்று பக்கத்திலேயே 'ஹை', 'லோ' என்று போட்டிருக்கும். அப்பா பயன்படுத்தாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். எதுவும் அழியாது, வேண்டுமென்றால் மறுபடி இயக்கலாம். வைரஸ் பாதுகாப்பையும் தமிழ் எழுதும் மென்பொருளையும் மட்டும் தொடாதீர்கள்.

எந்த மாற்றத்துக்கும் முன்னால் ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடி ஒன்று உருவாக்கி வையுங்கள், ஏதாவது கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். பல கம்ப்யூட்டர்களில் அந்தப் பாதுகாப்பே அணைந்து கிடக்கும். முதலில் 'கான்ஃபிகர்' போய் இயக்க வேண்டும். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், அதையும் அந்த நோட்டிலேயே எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். எதனால் எது கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க அதுதான் ஒரே வழி.

பென்குவின்_ரசிகை · திங்கள், காலை 10:30

நான் லினக்ஸ் மின்ட் ஆள், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது. அதில் பழைய தட்டச்சு முறை உட்படத் தமிழ்ப் பலகைகள் எல்லாம் கிடைக்கும், பேனலை எந்தப் பக்கமும் வைக்கலாம், டைம்ஷிஃப்ட் என்ற கருவியால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதே என்று தவிப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த அப்பாவுக்கு இப்போது வேண்டாம். விண்டோஸ் 7 பழகிய கை, விண்டோஸ் 11-க்கே இப்போதுதான் வருகிறது. மேலே சொன்னவற்றைச் செய்து அவர் எழுதத் தொடங்கட்டும்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்தினால் காப்பி செய்தவை எல்லாம் வரிசையாக வரும். முதல் முறை இயக்கச் சொல்லிக் கேட்கும். கடைசி 25 வரை வைத்திருக்கும். அடிக்கடி வேண்டிய வரியைப் 'பின்' செய்துவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தாலும் போகாது. கோவில் வரலாற்றில் சுவாமி பெயரும் ஊர்ப் பெயரும் எத்தனை முறை வரும், யோசித்துப் பாருங்கள்.

மின்னல்கொடி · திங்கள், மதியம் 1:00

ஸ்கிரிப்ட் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். விண்டோஸையே தமிழில் மாற்றிவிடலாமே? மெனுக்கள் எல்லாம் தமிழில் வருமே.

வாசகன்72 · திங்கள், மாலை 5:40

முடியும். மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, மொழிப் பொதியை இறக்கி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் பெரும்பாலான இடங்களில் தமிழ் வந்துவிடும். நான் ஆறு மாதம் அப்படி வைத்திருந்தேன். படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் மகன் தொலைபேசியில் "அப்பா, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே போங்க" என்றால் என் திரையில் வேறு சொல் இருக்கும். இருவரும் ஒரே சொல்லைப் பார்த்துப் பேச முடியவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் வழி கேட்பவர்கள், பிள்ளையின் கம்ப்யூட்டரையும் தமிழில் மாற்றச் சொல்லிவிட்டுத் தாங்களும் மாற்றுவது நல்லது. என் மகன் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறான். அதனால் நானும் மறுபடி தமிழுக்கு வரப்போகிறேன்.

கரிசல்காட்டான் · அடுத்த ஞாயிறு, மாலை 6:15

எல்லோருக்கும் நன்றி. பூட்டுச்சாவி அண்ணன் சொன்னபடி ரீஸ்டோர் பாயின்ட் வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றாகச் செய்தோம். நான் போனில் சொல்லச் சொல்ல அப்பாவே மாற்றினார். நோட்டின் இடப்பக்கம் தொல்லை, வலப்பக்கம் மாற்றிய இடம், கீழே கையெழுத்து.

ரெசல்யூஷனை மாற்றிய அன்று கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "ர-வுக்குக் கால் தெரியுதுடா" என்றார். கிளியர்டைப்பில் நான் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தடிமனான எழுத்தைத்தான் எடுத்திருக்கிறார்.

தட்டச்சு முறை போட்ட அன்றுதான் பெரிய மாற்றம். முதல் வரியைத் திரையைப் பார்க்காமலே அடித்தார் என்று அம்மா சொன்னார். சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாராம். சங்கத்தில் வேலை பார்த்த நாளில் கேட்ட அதே வேகம் என்கிறார். இதைக் கேட்ட பிறகு, ஒரு மாதம் அவரைத் தமிழ்99-இல் தடவ விட்டது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நல்லூர்க்காற்று, உங்கள் அம்மாவுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

ரிபீட் டிலேயைக் கூட்டிய பிறகு ககககக நின்றுவிட்டது. அம்பு இப்போது மஞ்சள். கோவில் பெயரைப் பின் செய்து வைத்திருக்கிறார். டெஸ்க்டாப் ஐகான்கள் இன்னும் சின்னதாக இருந்தன. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அவை பெரிதாவதை அவரே கண்டுபிடித்து எனக்குச் சொன்னார்.

நோட்டில் நேற்று புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார்: "மணியில் நொடி தெரியவில்லை." சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் கட்டுகிறார், தினமும் காலையில் நேரம் சரிபார்ப்பது வழக்கம். இதற்கு வழி உண்டா?

பூட்டுச்சாவி · ஞாயிறு, மாலை 6:50

உண்டு. ஸ்டார்ட் பட்டனை ஓரத்துக்குக் கொண்டு போன அதே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில், கடிகாரத்தில் 'செகண்ட்ஸ்' காட்டுவதற்கு ஒரு டிக் இருக்கும். பழைய பதிப்பாக இருந்தால் தெரியாது, முதலில் அப்டேட் செய்துவிடுங்கள். 'டேட் அண்ட் டைம்' பகுதியில் 'சிங்க் நவ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்திவிட்டு அப்புறம் கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் · ஞாயிறு, இரவு 7:30

வந்துவிட்டது. கைக்கடிகாரம் 40 நொடி பின்தங்கி இருந்ததாம். அதைச் சரிசெய்து கட்டிக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.